சட்டைப்பைத் தோணியும் என் கல்யாணமும்

தூத்துக்குடியைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் முத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். படிக்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். நான் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்தவள். என் காதிலோ கழுத்திலோ ஒரு முத்து ஏறியதில்லை. எங்கள் தெருவில் எவளுக்கும் ஏறியதில்லை. முத்துக் குளிப்பு நான் பாவாடை கட்டிய வயதிலேயே நின்றுபோனது. அதற்கு முன்னால் எடுத்த முத்தெல்லாம் எந்த ராணி கழுத்துக்குப் போனதோ, எங்களுக்குத் தெரியாது. எழுபதுகளில் எங்களுக்குச் செய்தி என்றால் தோணிதான்.

தோணி என்றதும் குளத்தில் மிதக்கும் ஓடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். வெங்காயமும் வத்தலும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வரும் பாய்மரக் கப்பல் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆணாவது தோணியில் இருந்தான். எந்தத் தோணி போனது, எது வந்தது, எது கொழும்பில் சரக்கு இறக்க முடியாமல் கிடக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு அடுப்பில் உலை வைப்பது மாதிரி அன்றாட விஷயம். ஆனால் இது எந்தப் பேப்பரிலும் வராது. பேப்பரில் தில்லி இருக்கும், மெட்ராஸ் இருக்கும். தூத்துக்குடி இருந்தால் கடத்தல் என்று இருக்கும்.

எங்களுக்கு அண்ணாச்சியின் பலகை இருந்தது. தெரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் அவர். கடை வாசலில் கறுப்பு வர்ணம் அடித்த பலகை ஒன்றை மாட்டி, தினமும் சாக்குக்கட்டியால் செய்தி எழுதுவார். ஊருக்கு நல்லது செய்ய அதை மாட்டினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிக்க நிற்கிறவன் ஒரு பீடியாவது வாங்குவான் என்பதுதான் அவர் யோசனை. இருந்தாலும் அதைப் போல ஒரு பத்திரிகையை நான் பிறகு பார்த்ததில்லை. ‘தண்ணீர் நாளை காலை வரும். வந்தால் உண்டு.’ ‘மேலத் தெருப் பெரியவர் இறந்துவிட்டதாகச் சொன்னது பொய். இட்லி சாப்பிடுகிறார்.’ ‘ஆத்தூர் வெற்றிலை வந்திருக்கிறது. நேற்றைய வெற்றிலை அல்ல.’ இதற்கெல்லாம் கீழே, தோணிச் செய்தி.

அண்ணாச்சிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். எந்தத் தோணி வந்தாலும் ‘புயலில் தப்பி வந்தது’ என்று எழுதுவார். அப்படி எழுதினால்தான் கூட்டம் நிற்குமாம். ஒருநாள் நான் தேங்காய் எண்ணெய் வாங்க நிற்கிறேன். அப்போதுதான் கரையேறிய ஒருவர், உப்புப் படிந்த சட்டையோடு வந்து தோணி வந்த செய்தியைச் சொன்னார். அண்ணாச்சி ‘புயலில்’ என்று ஆரம்பித்துவிட்டார்.

“புயலெல்லாம் இல்ல அண்ணாச்சி. காத்தே இல்ல. சும்மா நடுக்கடல்ல படுத்துக் கிடந்தோம்” என்றார் வந்தவர்.

“அப்படி எழுதுனா எவன் படிப்பான்?”

“படிக்காட்டிப் போறான். நடந்ததத்தான சொல்ல முடியும்.”

தன்னைப் பற்றிப் பெரிதாக எழுத ஒருவன் கையில் சாக்குக்கட்டி வைத்திருக்கும்போது, வேண்டாம் என்று சொன்ன ஆம்பிளையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். மணப்பாட்டுக்காரர். தோணியில் சுக்கான் பிடிப்பவர். எண்ணெயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “கட்டுனா அந்த ஆளத்தான் கட்டுவேன்” என்று சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான் எங்கள் காதல் கதை.

எனக்கு அப்பா கிடையாது. நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் முடிவு எடுப்பவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. அவர் புதுத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அப்போது அங்கே கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பி, பெரிய கப்பல் நேரே வந்து கட்டும்படி செய்துகொண்டிருந்தார்கள். கல் லாரிகள் ஊருக்குள் நாள் முழுக்க ஓடிக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் சிவப்பாகும். மாமாவுக்கு அந்தத் துறைமுகத்தைத் தாமே கட்டுவதாக நினைப்பு. அங்கே ஆபீஸில் சம்பளம் வாங்கும் ஒரு பையனை எனக்கு மனத்தில் முடித்து வைத்திருந்தார். தோணிக்காரர் என்றதும் குதித்தார்.

“ஏளா, கிரேன் வந்து நிக்கி, இரும்புக் கப்பல் வருது. நீ பாயக் கட்டிக்கிட்டு காத்துக்குக் காத்திருக்கிறவன் பின்னால போறேன்னு சொல்லுத. புத்தி இருக்கா?”

“அந்த ஆபீஸ்காரனுக்குக் கிரேனா சொந்தம்? ஒரு நாற்காலிதான மாமா.”

“மாசம் பொறந்தா சம்பளம் வருதுலா?”

“வரட்டும். அத வச்சு அவன் நல்லா இருக்கட்டும்.”

சண்டை நாள் கணக்கில் ஓடியது. கடைசியில் மாமா இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணம் தவக்காலத்துக்கு முன்னால் முடிய வேண்டும். எங்கள் வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசினால் தவக்காலம் தொடங்கிவிடும். அதன்பிறகு ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது, மேளம் கிடையாது, கறி கிடையாது. “அந்தப் புதனுக்குள்ள உன் தோணிக்காரன் வந்து நின்னான்னா சரி. வரலன்னா ஆண்டவருக்கே இஷ்டம் இல்லைன்னு அர்த்தம். ஈஸ்டருக்கு மறுநாளே ஆபீஸ் பையனுக்கு முடிச்சிருவேன். அப்புறம் நீ வாயத் தெறக்கப்படாது.”

சரி என்றேன். வேறென்ன செய்ய? மணப்பாட்டில் ஆள் விட்டுக் கேட்டார்கள், அவர்களும் சரி என்றார்கள். எங்கள் மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. விபூதிப் புதனுக்கு முந்தின திங்கள்கிழமை கல்யாணம் என்று குறித்தார்கள். மாப்பிள்ளை அதற்கு முன்னால் கொழும்புக்கு ஒரே ஒரு நடை போய்வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கொழும்பில் சரக்கு இறக்க ஆள் இல்லை, தோணிகள் வரிசையில் கிடக்கின்றன என்று பலகையில் போட்டிருந்தது.

அவருடைய தோணிக்குச் ‘சட்டைப்பைத் தோணி’ என்று பெயர். தோணிக்கு வைத்த பெயர் ஏதோ ஒரு அர்ச்சியசிஷ்டவரின், அதாவது புனிதரின், பெயர். அதை யாரும் சொல்வதில்லை. அதன் பெரிய பாய் எப்போதோ கிழிந்து, புதுத்துணியில் சதுரமாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். காவி ஏறிய பாயில் வெள்ளை ஒட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் சட்டையில் பாக்கெட் வைத்த மாதிரியே இருக்கும். எங்கள் கரையில் தோணியை எல்லோரும் பாயை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். தோணி ஓட்டி ஓய்ந்த தண்டல்கள், அதாவது தோணித் தலைவர்கள், சிலர் தினமும் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணுக்குப் பொட்டு மாதிரி பாய் தெரிந்ததுமே யார் தோணி, என்ன சரக்கு, தண்டல் யார், அவன் பெண்டாட்டி யார் என்று சொல்லிவிடுவார்கள். அதில் அவர்களுக்கு அவ்வளவு கர்வம்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெரிசுகள் எழுந்து நின்று கத்தினார்கள். சட்டைப்பை தெரிகிறது!

தெருவே புரண்டது. அண்ணாச்சி பலகையை அழித்துவிட்டுப் பெரிய எழுத்தில் போட்டார்: ‘சட்டைப்பைத் தோணி வந்துவிட்டது. திங்கட்கிழமை கல்யாணம் உண்டு. புயலில் தப்பி வந்தது.’ மணப்பாட்டிலிருந்து முன்னாடியே வந்து எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த மாப்பிள்ளையின் அம்மா, செபமாலையை முத்தி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். கல்யாணத்துக்குப் பேசியிருந்த பாண்டு வாத்தியக்காரர்கள் சும்மா கிடக்கிறோமே என்று அவர்களும் கிளம்பினார்கள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, பிறத்தியார் பேசிவிடுவார்களே என்று பின்னாலேயே போனார். கல்யாணப் பெண் கரைக்குப் போகக் கூடாதாம். நான் வீட்டில் உட்கார்ந்து இஞ்சி சுரண்டினேன்.

பாண்டுச் சத்தம் கரை வரைக்கும் போனது எனக்குக் கேட்டது. அங்கே போய் நின்றுவிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

நடந்தது இது. வந்தது வேறு தோணி. அதிலிருந்து இறங்கியது வேறு ஆட்கள். பாண்டு வாசித்து வரவேற்கிறார்களே என்று அந்தத் தண்டல் திகைத்துப்போய்க் கும்பிட்டாராம். விசாரித்தால், கொழும்பில் அவர்களுடைய பாய் காற்றில் கிழிந்துவிட்டது. அவர்கள் சரக்கு இறக்கி முடித்துத் திரும்ப வேண்டியவர்கள். எங்கள் தோணிக்காரர்கள், “நாங்க எப்படியும் வரிசையிலதான் கிடக்கோம். எங்க பாயக் கொண்டுபோங்க. உங்க கிழிஞ்சதப் போட்டுட்டுப் போங்க, தைச்சுக்கிடுதோம்” என்று பாயைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தோணிக்காரர்கள் அப்படித்தான். கடலில் ஒருத்தனுக்கு ஒருத்தன் பாய் கொடுப்பான், கயிறு கொடுப்பான், குடிதண்ணீர் கொடுப்பான். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கரையில் உட்கார்ந்திருந்த பெரிசுகள்கூட அதை நினைக்கவில்லை.

மாமா திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. “உன் மாப்பிள்ள வரல. அவன் சட்டப்பை மட்டும் வந்திருக்கு” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இஞ்சியை அம்மியில் வைத்து நசுக்கினேன். பாயைக் கொடுத்த அந்த ஆள்மேல்தான் ஆத்திரம். கல்யாணத்துக்கு வர வேண்டியவன், கையில் இருக்கிற பாயையா தூக்கிக் கொடுப்பான்? கொடுப்பான். அப்படிப்பட்ட ஆள் என்றுதானே கட்டிக்கொள்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது.

திங்கட்கிழமை வந்தது, போனது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மாமா பிடித்து வந்திருந்த கிடாய்கள் பந்தல் காலில் கட்டிக் கிடந்தன. வெட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல், அவை பந்தலில் கட்டின வாழை இலையையும் மாவிலையையும் தின்று தீர்த்தன. யார் வந்தாலும் அம்மா அந்தக் கிடாய்களைத்தான் திட்டினாள். சாமியார் ஆள் அனுப்பினார்: செவ்வாய்க்கிழமை சாயங்காலப் பூசை வரைக்கும் காத்திருக்கிறேன், அதற்கப்புறம் என் கையில் சாம்பல்தான் இருக்கும். மாமா ஆபீஸ் பையன் வீட்டுக்கு, புதன்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குத் தெரியக் கூடாது என்று அம்மாவின் காதில் சொன்னார். அவர் குசுகுசுத்தால் தெரு முக்கு வரைக்கும் கேட்கும்.

செவ்வாய் மத்தியானம் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் உப்பு வாங்கும் சாக்கில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். உப்பு விளையும் ஊரில் உப்பு வாங்கப் போனால் யார் நம்புவார்கள்? அண்ணாச்சி உப்பை அளந்தார். பலகையில் எழுதியிருந்தது: ‘தோணி ஒன்று காலையில் வந்து வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது. பாய் முழுக்க மாவுச் சாக்கு ஒட்டு. இங்கிலீஷ் எழுத்து தெரிகிறது. யார் தோணி என்று தெரியவில்லை. கஸ்டம்ஸ் பிடித்து வைத்திருக்கிறது.’

சனிக்கிழமை மானம் போனபிறகு கரைப் பெரிசுகள் எந்தத் தோணியைக் கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தார்களாம். அதனால்தான் ‘யார் தோணி என்று தெரியவில்லை.’

நான் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிழிந்த பாயை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் யார்? தைத்துக்கொள்கிறோம் என்றவர்கள் யார்? கொழும்பில் தைக்க அவர்களுக்கு என்ன துணி கிடைத்திருக்கும்?

“அண்ணாச்சி, இது எங்க தோணி.”

“இதுல சட்டப்பை இல்லையே பிள்ள.”

“சட்டப்பைதான் சனிக்கிழமையே வந்துட்டே! கடைய சாத்தும், வாரும்.”

அண்ணாச்சிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கடையைச் சாத்தவில்லை, அப்படியே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணப் பெண் கரைக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. கையிலும் காலிலும் மருதாணி, செருப்பில்லை, பீச் ரோட்டில் விறுவிறுவென்று நடக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் பின்னால் வந்தார்கள்.

கஸ்டம்ஸ் ஆபீஸ் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் தோணி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவரும் இருந்தார். தாடி வளர்ந்து, வெயிலில் கறுத்து, சன்னியாசி மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றேன்.

“வழி தெரியும். காத்துதான் இல்ல.”

“காத்து இல்லாததுக்குக் கஸ்டம்ஸ்காரன் ஏன் பிடிச்சு வச்சிருக்கான்?”

அவர் சிரித்தார். சிரிக்கிற நேரமா அது? ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கொழும்பில் வரிசை நகர்ந்ததும் சரக்கை இறக்கி, பாயைத் தைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிடித்து வைத்த காரணம் அந்தப் பாய்தான். அதிகாரி வடக்கே எங்கேயோ இருந்து மாற்றலாகி வந்தவர். கடலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவராக இருக்கும். எங்களைக் கண்டதும் அவரே வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார்.

“போகும்போது ஒரு பாய். வரும்போது வேற பாய். அதுவும் ஃபாரின் துணி தைச்ச பாய். அந்த நல்ல பாயை எங்கே வித்தீங்கன்னு கேட்டா, இரவல் குடுத்தோம்னு சொல்றான். பாயை யாராவது இரவல் குடுப்பாங்களா?”

“நாங்க குடுப்போம் சார்” என்றார் அவர்.

“கதை. நாளைக்கு மேலதிகாரி வரட்டும், பார்த்துக்கலாம்.”

“நாளைக்கு விபூதி சார்” என்றார் அண்ணாச்சி.

“விபூதின்னா பூசிக்க. எனக்கென்ன?”

அண்ணாச்சி நெற்றியில் ஏற்கெனவே திருநீறு இருந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் மருமகள் கரையில் நின்று கஸ்டம்ஸ்காரனிடம் மல்லுக்கட்டுகிறாள் என்று. முகம் கொதித்துக்கொண்டிருந்தது. நேரே என் கையைப் பிடித்தார்.

“ஏளா, மானத்த வாங்கதுக்கே பொறந்தியா? நட வீட்டுக்கு.”

“வர மாட்டேன். அங்கன நிக்காரு பாருங்க. புதனுக்குள்ள வந்துட்டாரு.”

“வந்து என்ன? உள்ளதான கிடக்கான்!”

அந்த நேரத்தில் அதிகாரி ஒரு வார்த்தை விட்டார். கூட்டத்தைப் பார்த்து அவருக்குப் பயமோ என்னவோ. “போங்க போங்க. தோணிக்காரனுங்க எல்லாமே திருட்டுப் பசங்க. இவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்துட்டாங்க” என்றார்.

மாமா என் கையை விட்டார். மெதுவாகத்தான் திரும்பினார்.

“யாரப் பாத்துவே திருட்டுப் பயன்னு சொன்னீரு?”

“சார், நீங்க யாரு?”

“நானா? அந்தா தாடியோட நிக்காம்பாரும், அவன் எங்க வீட்டு மாப்பிள்ள. இன்னைக்குச் சாயங்காலம் அவனுக்குக் கல்யாணம். எங்க அப்பனும் தோணிக்காரன், அவன் அப்பனும் தோணிக்காரன். உம்ம ஆபீஸ் செவுரு எழும்புறதுக்கு முன்னாலயே எங்க தோணி இங்கன கிடந்துச்சு. திருட்டுப் பயலாம்!”

எனக்குக் கண் கலங்கியது. நாள் கணக்காகச் சண்டை போட்டும், அழுதும், பட்டினி கிடந்தும் அந்த மனிதர் வாயிலிருந்து ‘மாப்பிள்ளை’ என்ற வார்த்தையை என்னால் எடுக்க முடியவில்லை. ஒரு வெளியூர் அதிகாரி ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்காகவே அவரை நான் மன்னித்துவிட்டேன்.

“சரி சார், கோபப்படாதீங்க” என்றார் அதிகாரி, குரல் இறங்கி. “அந்தப் பழைய பாய் இருந்தா காட்டுங்க, விட்டுடறேன். இல்லாம நான் எப்படி விட முடியும்?”

“இருக்குவே! இங்கனதான் இருக்கு! சனிக்கிழமையே வந்துட்டு!” என்று மாமாவும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

பாய் கொண்டுவந்த தோணி பழைய துறைமுகத்தில் கொஞ்ச தூரத்தில் கிடந்தது. ஆனால் தோணிப் பாய் என்பது படுக்கிற பாய் அல்ல, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வர. ஈரம் ஏறினால் இரண்டு மாட்டுவண்டிப் பாரம். அண்ணாச்சி கடைக்கு ஓடினார். பலகையில் இருந்ததையெல்லாம் கை முழுக்க அழித்துவிட்டு எழுதினார்: ‘சட்டைப்பைப் பாயைக் கஸ்டம்ஸுக்குத் தூக்க ஆள் வேண்டும். உடனே. இன்று சாயங்காலம் கல்யாணம். கறிச்சோறு உண்டு.’

நான் சொன்னேனே, அதைப் போல ஒரு பத்திரிகை கிடையாது என்று. மில் ஷிப்டு விட்டு வந்தவர்கள், உப்பளத்திலிருந்து கால் வெந்து திரும்பியவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், மீன் ஏலத்தில் நின்றவர்கள் எல்லாம் வந்து தோள் கொடுத்தார்கள். சனிக்கிழமை வாசித்துக் கேவலப்பட்ட பாண்டுக்காரர்கள் இந்தத் தடவை விடக் கூடாது என்று முன்னால் நின்று ஊதினார்கள். பீச் ரோடு நீளத்துக்கும் அந்தப் பாய் வந்தது. முன் மூலையைப் பிடித்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மாமா. துறைமுக வேலைக்குப் போகிற வெள்ளைச் சட்டை முழுக்கப் பாயில் பூசிய காவியும் மீன் எண்ணெயும். “ஏலே, பின்னால தூக்குங்கல! சோத்துக்கு மட்டும் முன்னால வாரீங்க!” என்று ஏசிக்கொண்டே வந்தார். கரைப் பெரிசுகள் பக்கத்தில் நடந்துகொண்டு, நாங்கள் அன்றைக்கே சொன்னோம் சட்டைப்பைதான் என்று, நாங்கள் சொன்னதில் தப்பே இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் வாதாடினார்கள்.

ஆபீஸ் வாசலில் பாயை விரித்தார்கள். வாசல் போதவில்லை, ரோட்டிலும் விரித்தார்கள். கல் லாரிகள் இரண்டு பக்கமும் நின்றுவிட்டன. டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அதிகாரி பாயின் ஓரமாக நடந்து நடந்து வந்தார். வெள்ளை ஒட்டுக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்து தொட்டுப் பார்த்தார்.

“இதை நான் பார்த்திருக்கேன்” என்றார். “இந்தத் தோணி கிளம்பின அன்னைக்கு நான்தான் கிளியரன்ஸ் குடுத்தேன். சட்டையில பாக்கெட் மாதிரி இருக்கேன்னு நானே சிரிச்சேன்.”

“அப்ப இவ்வளவு நேரம் என்னத்தவே யோசிச்சீரு?” என்றார் மாமா.

அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார். தோணி ஆட்கள் வெளியே வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஓடிப்போய் அந்தத் தாடியைப் பிடித்து இழுத்து அழுதாள். மாமா மாப்பிள்ளையிடம் போய் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “முதல்ல தாடிய எடும். பூசைக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு, அதிகாரி பக்கம் திரும்பி, “நீரும் சாயங்காலம் வந்து சாப்பிட்டுட்டுப் போரும். வரலன்னா நானே வந்து கூட்டிட்டுப் போவேன்” என்றார். அது அழைப்பா மிரட்டலா என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஆனால் வந்தார். பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை கறி வாங்கினார்.

சாயங்காலப் பூசையில் கல்யாணம் நடந்தது. அவருடைய கன்னத்தில் அவசரச் சவரத்தின் கீறல்கள். என் கையில் இஞ்சி வாசம் போகவில்லை. மருதாணியும் பீச் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து கால் வேறு நிறமாக இருந்தது. சாமியார் எங்களைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மோதிரத்துக்குப் பதிலாகச் சாம்பலைப் பூசி அனுப்பியிருப்பேன் என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது. பாய் தூக்கிய அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பாதிப் பேரை எங்களுக்கு யாரென்றே தெரியாது. மறுநாளிலிருந்து கறி ஆகாது என்பதால் எல்லோரும் அதை ஒரு புண்ணியக் காரியம் போலத் தின்றார்கள். பந்தலைத் தின்ற கிடாய்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆபீஸ் பையன் வீட்டிலிருந்துகூட வந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். அந்தப் பையனும் வந்து சாப்பிட்டான். எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை, அப்போதும் இல்லை.

புதுமாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் முதல் நாள் விருந்து எப்படி இருக்க வேண்டும்? எங்கள் பக்கத்தில் அது ஒரு போட்டி. கோழி, நண்டு, இறால், பணியாரம் என்று மாமியார்கள் ஒருத்தியை ஒருத்தி மிஞ்சுவார்கள். என் அம்மா பாவம், விபூதிப் புதனில் மாட்டிக்கொண்டாள். காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம். மத்தியானம் அவள் அவருக்கு முன்னால் ஒரு கும்பாவில் கஞ்சியை வைத்துவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“மாப்பிள்ள, மொத நாளே கஞ்சி ஊத்துதேன். ஊரு என்னச் சிரிக்கும்.”

“கொழும்புல இதுவும் கிடைக்கல அத்த. மாவுச் சாக்குதான் கிடைச்சுது, மாவு கிடைக்கல” என்று சொல்லிவிட்டு அவர் குடிக்க ஆரம்பித்தார்.

அப்போது மாமா நுழைந்தார். நெற்றியில் சாம்பல், ஒரு தோள் தூக்கிக்கொண்டு மறு தோள் தொங்கிக்கொண்டு, கோணலாக நடந்து வந்தார். பாய் தூக்கியது அப்படிப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “எனக்கும் ஊத்து” என்றார். இரண்டு பேரும் சத்தமாக உறிஞ்சினார்கள்.

“ஏன்வே மாப்பிள்ள” என்றார் மாமா, “கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு, தெரியும்லா? அப்புறம் எந்த நம்பிக்கையிலவே உள்ள பாயக் கழத்திக் குடுத்தீரு?”

“அவங்க அங்கன பாயில்லாம நின்னாங்க மாமா.”

“நீரும்தான பாயில்லாம நின்னீரு?”

“எங்களுக்கு ஊசி இருந்துச்சு.”

மாமா கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

“ஏளா, துவையல் எங்க?” என்றார்.

கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். நான்தான் அரைத்தது. வத்தல் அளவுக்கு மேலே விழுந்திருந்தது. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.